புதையற் கதைகளும் காணியுரிமையும்

1. தோற்றுவாய்

சென்னை மாநகரின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் நிலப்பரப்பு, சில தலைமுறைகளுக்கு முன்வரை ஏரிப் பாசனத்தால் விளையும் கழனிகளும், பனையும் மாவும் செறிந்த தோப்புகளும், அவற்றின் நடுவே பழங்குடும்பங்களின் பண்ணைகளுமாக விளங்கியது. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து மேற்கு நோக்கி இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆவடி படைத்துறைத் தலமாயிற்று. 1964ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. 2011ஆம் ஆண்டில் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019ஆம் ஆண்டில் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. கழனிகள் மனைகளாயின, மேடுகள் நிரவப்பட்டன, பண்ணைகளின் பெயர்கள் தெருப்பெயர்களாகச் சுருங்கின அல்லது மறைந்தன.

நிலம் இவ்வாறு மாறியபோதும் அதனைப் பற்றிய ஒருவகைக் கதை மட்டும் முதியோர் நாவில் தங்கியிருத்தலைக் காண்கின்றோம். 'இந்தப் பண்ணையில் முன்னோர் பொன் புதைத்து வைத்தனர். அஃது இன்னும் எடுக்கப்படவில்லை' என்பதே அக்கதையின் கரு. கற்றோர் இதனை மூடநம்பிக்கை என்று கூறி ஒதுக்குவர். பேராசையுடையோர் உண்மை என்று நம்பி மண்ணை அகழ்வர். இவ்விரு சாராரும் கதையினுள் பொன் உண்டா இல்லையா என்னும் ஒரு வினாவையே எழுப்புகின்றனர். கதையை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு, அஃது எதனைக் கூறுகின்றது, எவர் உரிமையை நினைவில் வைத்திருக்கின்றது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கதைகளின் பொது அமைப்பு

நாம் இப்பகுதி முதியோரிடம் கேட்டறிந்த வடிவங்களைத் தொண்டை நாட்டின் பிற பகுதிகளில் வழங்குவனவற்றோடு ஒப்புநோக்கின், அவற்றுள் ஐந்து கூறுகள் மீண்டும் மீண்டும் வருதல் புலனாகும். முதலாவது, புதைத்த இடம்: அது பெரும்பாலும் ஊருக்குப் புறத்தேயுள்ள ஒரு மேடு, பாழ்நத்தம், தூர்ந்த கிணறு, பழைய வீட்டின் அடித்தளம் அல்லது ஒரு தனிமரத்தின் அடி. இரண்டாவது, கொள்கலம்: செப்புக் கொப்பரை, வாய் மூடிய பானை, சங்கிலியிட்ட அண்டா. சில கதைகளில் இக்கொப்பரை நள்ளிரவில் சங்கிலி ஒலிக்க மண்ணுக்கடியில் இடம்பெயரும். மூன்றாவது, காவல்: நாகம் காக்கும் அல்லது பூதம் காக்கும். நான்காவது, எடுக்கும் முறை: மையிட்டுப் பார்த்தல், இரவில் தோன்றும் ஒளியைப் பின்பற்றல், பலி கொடுத்தல். ஐந்தாவது, முடிவு: உரியவர் அல்லாதார் தோண்டின் பொன் கரியாகும், தோண்டியவன் இரத்தம் கக்கி மாள்வான், உரியவர் வழியில் ஒருவர் வரும்வரை நிதி காத்துக் கிடக்கும்.

இவற்றுள் எவை இம்மண்ணுக்கே உரியவை, எவை உலகெங்கும் வழங்குவன என்பதை முதற்கண் பகுத்தல் வேண்டும். புதையல் கரியாக மாறிற்று என்னும் கூற்று கிரேக்கரிடையேயும் உரோமரிடையேயும் பழமொழியாகவே வழங்கியது. உலூசியன், பெய்திரசு முதலியோர் நூல்களில் அதனைக் காணலாம். பாம்பு நிதியைக் காத்தல் பல நாட்டுக் கதைகளுக்கும் பொது. ஆகவே இத்தகைய கூறுகளை மட்டும் கொண்டு ஓர் ஊரின் வரலாற்றைத் துணிதல் பொருந்தாது. ஆனால், பொன்னைப் புதைத்தவர் யார், எந்தக் கலகத்தில் புதைத்தனர், 'உரியவர்' என்று கதை குறிப்பது யாரை என்னும் மூன்று செய்திகளும் ஊர்தோறும் வேறுபடுவன. உலகப் பொதுவான கதைச் சட்டத்தினுள் உள்ளூர் மக்கள் தம் நினைவை வைக்கும் இடங்கள் இவையே. ஆராய்ச்சியாளன் தேடவேண்டுவதும் இங்கேதான்.

3. குறும்பர் பொன்

இப்பகுதியில் புதைத்தவர் என்று மிகுதியாகச் சுட்டப்பெறுவோர் குறும்பர். குறும்பர் தொண்டை மண்டலத்தை 24 கோட்டைகள் அமைத்து ஆண்டனர் என்றும், புழல் அவர்தம் தலைநகர் என்றும், ஆதொண்டச் சக்கரவர்த்தி அவர்களை வென்று வேளாளரைக் குடியேற்றினான் என்றும் செவிவழி வரலாறு கூறும். கர்னல் காலின் மெக்கன்சி (1754-1821) தொகுப்பித்த சுவடிகளில் இவ்வரலாறு விரிவாகக் காணப்படுகின்றது. கடல்வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியவர் குறும்பர் என்று அச்சுவடிகள் உரைக்கின்றன. வென்றவன் வந்த பொழுது அச்செல்வம் எங்கே போயிற்று என்னும் வினா எழுதல் இயல்பு. 'மண்ணுக்குள் போயிற்று' என்பதே ஊரார் தரும் விடை. 1893ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்ட குசுதாவு ஆப்பெர்ட்டு என்னும் செருமானிய அறிஞரும் புழற் கோட்டையின் எச்சங்களைக் குறித்துச் சென்றுள்ளார்.

இச்செவிவழி வரலாற்றை அப்படியே ஏற்றல் கூடாது என்பதற்கு அம்பத்தூரை அடுத்துள்ள திருமுல்லைவாயில் நல்ல சான்று. தொண்டைமானது யானையின் காலை முல்லைக்கொடி சூழ்ந்து பிணித்தது என்றும், இறைவன் வெளிப்பட்டு அவனுக்கு அருளினான் என்றும் சுந்தரர் தம் திருமுல்லைவாயிற் பதிகத்திலேயே குறிப்பிடுகின்றார். ஆதலின் தொண்டைமான் கதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது என்பது தெளிவு. ஆனால் அப்பாடலில் குறும்பர் பெயர் இல்லை. புழற் கோட்டை இல்லை. ஓணன், காந்தன் என்னும் குறும்பர் தலைவர் இருவரும் இல்லை. இவையெல்லாம் பிற்காலத் தலபுராண மரபில் வந்து சேர்ந்தவை. கருவறை முன்பு நிற்கும் வெள்ளெருக்கந்தூண் இரண்டும் குறும்பர் கோட்டையிலிருந்து வெற்றிச் சின்னமாகக் கொணரப்பட்டவை என்பதும் அம்மரபினதே.

கதை ஒரே காலத்தில் பிறந்ததன்று என்பது இதனால் விளங்கும். முதலில் ஓர் அரசன். அவனுக்குப் பின்னர் ஒரு பகைவன். அப்பகைவனுக்குப் பின்னர் ஒரு கோட்டை. கோட்டைக்குப் பின்னர் அதன் செல்வம். புதையல் என்பது இவ்வளர்ச்சியின் கடைசிப் படியாகத் தோன்றுகின்றது. இவ்வாறு வளர்வதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தைப் பிரான்சிசு உவைட் எல்லிசு 1818ஆம் ஆண்டில் மிராசு உரிமை பற்றி வெளியிட்ட நூலைக் கொண்டு ஒருவாறு உய்த்துணரலாம். குறும்பரை வென்ற பின் குடியேற்றப்பட்ட வேளாளருக்கு நிலம் காணியாக அளிக்கப்பட்டது என்பதையே தொண்டை மண்டலக் காணியாளர் தம் உரிமையின் மூலமாகக் கூறிவந்தனர் என்று அந்நூல் காட்டுகின்றது. எனவே குறும்பர் கதை வெறும் பொழுதுபோக்குக் கதையன்று. அது நிலவுரிமையின் மூல ஆவணம் போல வழங்கிய கதை. வென்று பெற்ற நிலத்தின் அடியில் தோற்றவரது பொன் இன்னும் கிடக்கின்றது என்று வென்றவர் வழியினரே சொல்லிவருவது கருதத்தக்கது. நமக்கு முன் இந்நிலம் பிறருடையதாய் இருந்தது என்னும் ஒப்புதல் அதில் அடங்கியுள்ளது.

4. தாழியும் கரியும்

புதையல் இடங்களாகச் சுட்டப்படும் மேடுகளுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. சென்னையைச் சூழ்ந்த பகுதி தொல்பழங்கால மாந்தர் வாழ்ந்த இடம். இராபர்ட்டு புரூசு பூட்டு 1863ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி இந்தியத் தொல்லியலின் தொடக்கமாகப் போற்றப்படுகின்றது. அதே பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழைகளை அலெக்சாந்தர் இரீ வெளிப்படுத்தினார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சானூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளிலும், அமிர்தமங்கலத்தில் 1955ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த அகழாய்வுகள் பெருங்கற்படைக் கால ஈமக்குழிகளை வெளிப்படுத்தின. திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூரில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது இடைவிடாத மக்கள் வாழ்வின் அடுக்குகளும் உறைகிணறுகளும் காணப்பெற்றன.

ஒரு பண்ணையாள் கிணறு வெட்டும்போதோ, செங்கற் சூளைக்கு மண் எடுக்கும்போதோ இத்தகைய குழி ஒன்றைத் திறந்தால் அவன் காண்பது யாது? மண்ணில் நேராக நிறுத்தப்பட்ட, வாய் மூடிய ஒரு பெரும்பானை. பொற்குடத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது வேறொன்றாகத் தோன்ற இயலாது. உள்ளே கைவிட்டால் அகப்படுவன மண், எலும்புத் துண்டுகள், துருவேறிய இரும்பு, சிறுகலங்கள்; வாழ்விட மேடாயின் சாம்பலும் அடுப்புக் கரியும். 'பொன் கரியாயிற்று' என்னும் உலகப் பொதுவான கூற்றுக்கு இம்மண் நாள்தோறும் புதிய சான்று அளித்துவந்தது என்று கருதுதல் தவறாகாது. கதை வெளியிலிருந்து வந்ததாயினும் அதனை வேரூன்றச் செய்தவை தாழிகளே. பாண்டவர் குழி, மதமதக்கத் தாழி என்றெல்லாம் இக்குழிகளுக்கும் தாழிகளுக்கும் மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள், பொருள் விளங்காத பழம்பொருளுக்கு விளக்கம் தேடிய முயற்சிகளே.

தாழியில் பொன் கிடைத்தலே இல்லை என்றும் கூறிவிடல் இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தபோது மெல்லிய பொற்பட்டங்கள் கிடைத்தன. நாணயக் குவியல்களோ பலமுறை உழவர் கைக்கு எட்டியுள்ளன. 1842ஆம் ஆண்டு முதற்கொண்டு கோவையை அடுத்த வெள்ளலூரிலும், 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமைக் கருக்காக்குறிச்சியிலும் உரோம நாணயங்கள் திரளாகக் கிடைத்தன. பின்னதில் கிடைத்த பொற்காசுகள் மட்டும் 501. சென்னை மாம்பலத்திலேயே முத்திரை நாணயக் குவியலோடு அகசுதசு காலத்து நாணயமும் கிடைத்துள்ளது. நூறு கதைகளுள் ஒன்று மெய்யாகுமாயின் எஞ்சிய தொண்ணூற்றொன்பதும் உயிர்பெறும் என்பதை இதனால் உணரலாம்.

5. கலகமும் புதைத்தலும்

பொன்னைப் புதைத்தல் தமிழ் மக்கள் கண்ட வழக்கமே என்பதற்கு இலக்கியச் சான்றுகள் உள. மாமூலனார் இருமுறை புதைந்த செல்வத்தை உவமையாக்குகின்றார். அகநானூற்று 265ஆம் பாட்டில் நந்தர் பாடலியில் கங்கை நீரின்கீழ் மறைத்த நிதி பேசப்படுகின்றது. 127ஆம் பாட்டில் மாந்தை நகரில் சேரன் குவித்துவைத்து மண் தின்னுமாறு விட்டுப்போன நிதி பேசப்படுகின்றது. பொருள்வயிற் பிரிந்த தலைவன் அத்தகைய நிதியையே பெறினும் அங்குத் தங்கான் என்பது கருத்து. புதையல் அக்காலத்திலேயே எல்லையற்ற செல்வத்துக்கு உவமையாகும் அளவுக்கு மக்கள் மனத்தில் பதிந்திருந்தது என்பது இதனால் பெறப்படும். பாடுபட்டுத் தேடிய பணத்தைப் புதைத்துவைப்போரை நல்வழி கடிந்துரைப்பதும், அவ்வழக்கம் பிற்காலத்தும் நீடித்தமையைக் காட்டும்.

நம் பகுதிக் கதைகளில் புதைத்த காலம் என்று குறும்பர் காலத்துக்கு அடுத்தபடியாகச் சுட்டப்படுவது ஐதர் கலாபம். இது வரலாற்றோடு நெருங்கிப் பொருந்துகின்றது. 1746இல் பிரெஞ்சியர் சென்னையைக் கைப்பற்றினர். 1758-59இல் இலாலி கோட்டையை முற்றுகையிட்டான். 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி செங்கற்பட்டுப் பகுதியை ஆங்கிலக் கும்பினியாருக்குச் சாகீராக அளித்தான். 1767இல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் புறவூர்களைச் சூறையாடியது. 1769இல் ஐதர் அலி சென்னை வாயிலுக்கே வந்து உடன்படிக்கை பெற்றான். 1780இல் மீண்டும் படையெடுத்து வந்து அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் ஆங்கிலப் படையை முறியடித்தான். அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஊர்கள் பாழாயின. ஏரிகள் உடைந்து கிடந்தன. குடிகள் பஞ்சத்தாலும் அச்சத்தாலும் இடம்பெயர்ந்தனர். 1794 முதல் 1798 வரை சாகீரின் அதிகாரியாக இருந்த இலயனல் பிளேசு பாழடைந்த ஏரிகளைச் செப்பனிடுவதைத் தம் முதற்கடமையாகக் கொள்ளவேண்டியிருந்தது.

இத்தகைய அரைநூற்றாண்டில் வராகனும் பணமும் நகையும் உடைய ஒரு குடும்பம் அவற்றை எங்கே வைத்திருக்கும்? பொருளை ஏற்றுக் காக்கும் வங்கி அன்று ஊர்ப்புறத்தில் இல்லை. கொண்டுசென்றால் வழியில் பறிகொடுத்தல் உறுதி. வீட்டில் வைத்தால் கொள்ளை உறுதி. எஞ்சியது மண் ஒன்றே. புதைத்தவருள் சிலர் திரும்பி வரவில்லை. சிலர் திரும்பியும் அடையாளத்தை இழந்தனர். ஆதலின் ஐதர் கலாபக் கதைகள் குறும்பர் கதைகளைப்போலப் பிற்காலச் சேர்க்கை அல்ல. குடிகள் ஓடிய ஒரு காலத்தின் நேரடி நினைவாக அவை இருத்தல் கூடும். பொன் இன்றும் இருக்கின்றதா என்பது வேறு. 'திரும்பி வராதவர்' இருந்தனர் என்பதே அக்கதை தாங்கிநிற்கும் வரலாற்றுச் செய்தி.

புதைத்துக் காத்தல் தனிக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதாகவும் இல்லை. திருவெண்காட்டில் 1951ஆம் ஆண்டில் மண்ணிலிருந்து கிடைத்த இடபவாகனர் திருமேனி 1011ஆம் ஆண்டைச் சார்ந்தது என்பது கல்வெட்டால் அறியப்பட்டது. எசாலத்தில் 1987ஆம் ஆண்டில் இராசேந்திரன் செப்பேடுகளும் படிமங்களும் வெளிப்பட்டன. சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் 2023ஆம் ஆண்டில் வேள்விச்சாலைக்காக மண் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளும் தேவாரம் பொறித்த நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. அச்சமுற்ற காலத்தில் மண்ணையே பெட்டகமாகக் கொள்ளுதல் கோயிலாரும் குடிகளும் ஒருங்கே கைக்கொண்ட முறையாம்.

6. உரியவர் யார்?

இனி, கதைகளின் நடுநாயகமாக நிற்கும் 'உரியவர்' என்னும் சொல்லை ஆராய்வோம். மண்ணுக்குள் கிடந்த பொருள் யாருக்கு உரியது என்னும் வினாவுக்குத் தமிழ் மரபில் ஒன்றோடொன்று மாறுபடும் மூன்று விடைகள் உள்ளன.

முதல் விடை சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் உள்ளது. வார்த்திகன் என்னும் பார்ப்பனனின் இளஞ்சிறுவன் பிறரொருவர் அன்பால் அளித்த அணிகலன்களைப் பூண்டு விளங்கினான். பொறாமை கொண்ட அரசனது ஏவலாளர் வார்த்திகன் படுபொருளைக் கவர்ந்தான் என்று பழிசுமத்திச் சிறையிலிட்டனர். கொற்றவை கோயிற் கதவு திறவாது நின்றது. உண்மையறிந்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்து, அவனிடம் பிழை பொறுக்குமாறு வேண்டி, திருத்தங்காலையும் வயலூரையும் வழங்கினான். இடுபொருளாயினும் படுபொருளாயினும் பெற்றவர்க்கே உரியது என்று முரசறையவும் செய்தான். ஆகவே இக்காப்பியம் காட்டும் நீதி, கண்டெடுத்தவன் பக்கம் நிற்கின்றது.

இரண்டாம் விடை திருக்குறள் உரையில் உள்ளது. அரசனது பொருள்வகைகளைக் கூறும் 756ஆம் குறளில் வரும் உறுபொருள் என்பதற்கு, உடையவர் இன்மையால் தானே வந்து சேர்ந்த பொருள் என்று பரிமேலழகர் உரைகொள்கின்றார். வைத்தவர் இறந்தபின் நெடுங்காலம் நிலத்தில் கிடந்து பின்னர்க் கண்டெடுக்கப்பட்டதும் அதனுள் அடங்கும் என்பது அவர் விளக்கம். இவ்வுரைப்படி புதையல் அரசனுக்கு உரியது. கௌடிலியரின் பொருள்நூலும் கண்டெடுத்தவனுக்கு ஆறில் ஒரு பங்கே அளித்து எஞ்சியதை அரசனுக்கு ஆக்குகின்றது. கண்டெடுத்தவன் ஏவலாளனாயின் பன்னிரண்டில் ஒரு பங்கே அவனுக்குக் கிடைக்கும்.

மூன்றாம் விடை நிலவிலை ஆவணங்களில் உள்ளது. விசயநகரக் காலம் முதலாகத் தமிழ்நாட்டுச் செப்பேடுகளிலும் ஓலைச் சாசனங்களிலும், விற்கப்படும் நிலத்தோடு சேரும் எட்டு உரிமைகள் வரிசையாக எழுதப்பட்டன. நிதி, நிட்சேபம், சலம், பாடாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்பன அவை. புதையலும் வைப்புப் பொருளும் நீரும் கல்லும் முதலாக, இன்று உள்ள பயனும் நாளை வரக்கூடும் பயனும் ஈறாக, அனைத்தும் வாங்குவோனைச் சாரும் என்பது கருத்து. இவ்வெட்டினுள் புதையல் முதலாவதாக நிற்றல் நோக்கத்தக்கது. தண்ணீருக்கும் முன்னே புதையலைக் குறித்த சாசனம் அதனை வெறுங்கனவாகக் கருதியிருக்க முடியாது. காணியாளன் உரிமையின் ஆழம் எதுவரை செல்லும் என்பதை அளந்து காட்டும் சொல்லாகவே அதனைக் கொண்டது. மண்ணின் மேலுள்ளது மட்டுமன்றி, கண்ணுக்குப் புலனாகாது அடியிற் கிடப்பதும் என்னுடையது என்று சொல்பவனே முழுக் காணியாளன்.

இதனை உளங்கொண்டு கதைகளை மீண்டும் நோக்கின் ஒரு தெளிவு பிறக்கின்றது. தொண்டை மண்டலத்துக் காணியாட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் படிப்படியாகத் தளர்ந்தது. வரிச்சுமை, இரயத்துவாரி முறை, கடன், பங்குவழக்கு ஆகியவற்றால் பழங்குடும்பங்கள் பலவற்றின் நிலம் பிறர் கைக்குச் சென்றது. 'நிலம் போயிற்று, ஆனால் பொன் எங்களுக்காகவே காத்துக் கிடக்கின்றது, வேறெவர் தோண்டினும் கரியாகும்' என்னும் கூற்று, இழந்த காணியின் மேல் இன்னும் விடாத உரிமைக் குரலாக ஒலிக்கின்றது. பத்திரம் புதியவனிடம் சென்றுவிட்டது; நிதி என்னும் முதல் உரிமையையேனும் கதையின்கண் நிறுத்திக்கொண்டனர் பழையோர். நிலத்தை வாங்கியவர் குடும்பத்தில் வழங்கும் வடிவம் வேறாக இருத்தலையும் காணலாம். அங்கே பொன்னை முன்னரே எவரோ எடுத்துச் சென்றுவிட்டனர் என்று கதை முடியும். ஒரே மேட்டைப் பற்றிய இருவேறு முடிவுகள் இருவேறு உரிமைக் கோரிக்கைகள் என்று கொள்ளுதல் பொருந்தும்.

7. மண்வெட்டி பிடித்தவன்

காணியாளனும் அரசனும் பேசப்பட்ட அளவுக்குப் பேசப்படாதவன் ஒருவன் இக்கதைகளில் உண்டு. அவன் தோண்டியவன். பண்ணையில் மண்வெட்டி பிடித்தவன் படியாளே. எதுவும் கிடைத்திருக்குமாயின் முதலிற் கண்டவனும் அவனே. கதைகளிலோ அவன் பெரும்பாலும் பலியாகின்றான், அல்லது இரத்தம் கக்கி இறக்கின்றான், அல்லது திடீரென்று செல்வனாகி ஊரார் ஐயத்துக்கு ஆளாகின்றான். அவன் வழியினர் வீடு கட்டினாலும் நிலம் வாங்கினாலும் 'புதையல் எடுத்தவர்கள்' என்னும் பெயர் ஒட்டிக்கொள்கின்றது. பிறப்பால் தாழ்த்தப்பட்டோர் தம் உழைப்பாலும் கல்வியாலும் உயர்ந்தனர் என்பதை ஏற்க மனமில்லாத ஊர், அவ்வுயர்வுக்குக் கற்பித்த காரணமே இது. வார்த்திகன் மகனின் அணிகலனைக் கண்டு ஏவலாளர் கொண்ட ஐயத்துக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. அவ்வையத்தைத் தீர்க்கப் பாண்டியன் ஒருவன் இருந்தான்; பண்ணையாளுக்கு அத்தகையோர் இலர்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம் இந்நிலையைச் சற்று மாற்றியது. பத்து உரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவன் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்டதாயின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவனுக்கும் ஒரு பங்கு நிலத்துக்கு உடையவனுக்கும் சேரும். அரசு விரும்பின் பொருளின் உலோக மதிப்போடு அதன் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்துத் தான் எடுத்துக்கொள்ளலாம். மறைத்தவனுக்குத் தண்டனை உண்டு. சிலப்பதிகாரப் பாண்டியன் தீர்ப்புக்கும் நிலவிலை ஆவணத்துக்கும் பரிமேலழகர் உரைக்கும் இடையே ஓர் உடன்பாடு கண்டாற்போல அமைந்தது இச்சட்டம். ஆயினும் அது பொருளை உலோக எடையால் மதித்ததேயன்றி, அது கிடந்த மண்ணடுக்கின் மதிப்பைக் கருதவில்லை. சட்டம் அளித்த பங்கை அறியாமல் அஞ்சி மறைத்தவர்களால் எத்தனையோ நாணயங்கள் உருக்குலைந்து பொற்கட்டிகளாயின.

உரிமைப் பூசல் இன்றும் முடிந்தபாடில்லை. 2020ஆம் ஆண்டு பிப்பிரவரியில் திருவானைக்காவில் மண்ணுள்ளிருந்த கலம் ஒன்றில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவை அரசுக் கருவூலம் சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் உத்தரமேரூர்க் குழம்பேசுவரர் கோயில் திருப்பணியின்போது படிக்கட்டின் அடியில் அரைக் கிலோ அளவான பொன் கிடைத்தபோது, அது தம் முன்னோர் வைத்தது என்றும், திருப்பணி முடிந்ததும் மீண்டும் அங்கேயே வைத்தல் வேண்டும் என்றும் ஊரார் வாதிட்டனர். அதிகாரிகள் சட்டத்தைக் காட்டி எடுத்துச் சென்றனர். ஊரார் பேசியது நிதி நிட்சேபத்தின் மொழி; அதிகாரிகள் பேசியது உறுபொருளின் மொழி. நூற்றாண்டுகள் கழிந்தும் அவ்விரு மொழிகளும் ஒன்றையொன்று எதிர்த்தே நிற்கின்றன.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: புதையற் கதையின் சட்டம் உலகப் பொது, அதனைத் தாங்கும் பெயர்களும் கலகங்களும் உரிமைக் கூற்றும் ஊருக்கே உரியவை. குறும்பர் பொன் என்பது நிலவுரிமையின் மூலக் கதையினின்று வளர்ந்தது. ஐதர் கலாபப் பொன் என்பது குடிகள் இடம்பெயர்ந்த காலத்தின் நினைவு. கரியாகும் பொன் என்பதற்கு ஈமத்தாழிகளும் வாழ்விட மேடுகளும் இம்மண்ணில் சான்று தந்தன. 'உரியவர்' என்பது காணியை இழந்தவரின் குரல். இவையனைத்தினும் அடங்கிப்போனது தோண்டியவன் பெயர்.

ஆராய்ச்சி மாணவர்க்கு இங்கே உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்று உள்ளது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் எஞ்சிய பண்ணைகளின் புதையற் கதைகளை, சொல்பவர் நிலத்தை விற்ற குடும்பத்தவரா, வாங்கிய குடும்பத்தவரா, அதில் உழைத்த குடும்பத்தவரா என்னும் குறிப்போடு தனித்தனியே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ஒரே கதையை மூவரிடமும் கேட்டல் இன்றியமையாதது. ஒருவரிடம் மட்டும் கேட்பின் ஒருவர் உரிமையே வரலாறாகிவிடும். கதை சுட்டும் மேட்டை நில அளவைப் படத்தில் குறித்து, பானையோட்டுச் சிதறல் காணப்படின் தொல்லியல் துறைக்கு அறிவித்தலும் வேண்டும். ஆவணப் பெட்டிகளில் கிடக்கும் பழம்பத்திரங்களில் 'நிதி நிட்சேபம்' என்னும் தொடர் எந்த ஆண்டுவரை எழுதப்பட்டது, எப்பொழுது விடப்பட்டது என்று கணக்கிட்டால் காணியுரிமை தேய்ந்த வரலாற்றுக்கே அஃது ஓர் அளவுகோலாகும்.

அடுக்குமாடிகளுக்குக் கடைக்கால் தோண்டும் பொறிகள் இன்று ஒரே நாளில் ஒரு மேட்டை இல்லாமற் செய்கின்றன. கதையைச் சொல்லவல்லோர் எண்பது அகவையைக் கடந்துவிட்டனர். மேடு மறைந்தபின் கதைக்கு இடம் இல்லை. சொல்பவர் மறைந்தபின் மேட்டுக்குப் பெயர் இல்லை. இரண்டும் உள்ளபோதே பதிந்துவைத்தல் நம் கடமையாகும்.